சிவப்பு நோட்டில் ஒரு வண்டு

யார், ஏன், எங்கே என்று கேட்டு வருகிறவர்களை ராஜகுமாரி நிறையப் பார்த்திருக்கிறாள். எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டு வந்தவள் தேவிப்பிரியா ஒருத்திதான்.

கள்ளிக்குப்பத்தில் மழைக்கு முன்னால் தோண்டி, மழை முடிந்த பிறகும் மூடாத ஒரு தெரு. ஜஸ்டினின் பைக் பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறியது.

"இன்னாக்கா ரோடு இது? உள்ள போன இட்லி திரும்ப மாவா ஆயிடும் போல கீது."

"முன்னாடி பாத்து ஓட்டு."

"பாத்துக்கினுதான் போறேன். பள்ளத்த தவிர பாக்குறதுக்கு வேற இன்னா கீது இங்க?"

ராஜகுமாரியின் உதவியாளன் ஜஸ்டின் அதற்கு முன் பதினோரு வருடம் வீடு வீடாகப் பார்சல் போட்டவன். ஆவடியிலிருந்து குமணன்சாவடி வரை எந்த வீட்டில் காலிங் பெல் வேலை செய்யாது, எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். ராஜகுமாரி இன்சூரன்ஸ் கம்பெனியில் சாவுகளை விசாரித்துச் சலித்துப்போய், அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அங்கேதான் இரண்டு நாளுக்கு முன்பு தேவிப்பிரியா வந்து உட்கார்ந்தாள். முதல் பத்து நிமிடம் தண்ணீர் மட்டும் குடித்தாள்.

அவளுடைய அண்ணன் கிருபாகரன். வயது முப்பத்து நான்கு. கோவில்பட்டிக்காரன், ஐ.டி. வேலை, இவர்கள் இப்போது போய்க்கொண்டிருந்த கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தான். போன செவ்வாய்க்கிழமை கதவை உடைத்துத்தான் அவனை எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கட்டு, பக்கவாதம். கொலையும் இல்லை, தற்கொலையும் இல்லை. போலீஸ் அன்றைக்கே காகிதத்தை மடித்துவிட்டது. டாக்டர் எழுதிய வரிதான் தேவிப்பிரியாவைத் தூங்கவிடவில்லை. 'சனிக்கிழமை இரவுக்கும் திங்கட்கிழமை இரவுக்கும் இடையில்.'

"சனிக்கிழமை சதுர்த்தசி மேடம். ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி எட்டு நிமிஷத்துக்கு அமாவாசை பொறக்குது. திங்கள் காலைல பிரதமை" என்றாள். பஞ்சாங்கத்தின் பக்கத்தையே கிழித்துக் கொண்டுவந்திருந்தாள். "எந்தத் திதின்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா. வருஷா வருஷம் பிள்ளைய என்னைக்குக் கும்பிடணும்னு தெரியாம எப்படி இருக்கதுன்னு கேக்கா."

"அம்மாவுக்காக மட்டும்தானா?" என்று கேட்டாள் ராஜகுமாரி.

தேவிப்பிரியா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் ஏழு பத்துக்கு அண்ணன் எனக்கு போன் பண்ணுனான். நான் எடுக்கல. பொண்ணு பாக்க வர மாட்டேன்னுட்டான்னு கோவம். ஞாயிறு காலைல எட்டு மணிக்கு நானே கூப்பிட்டேன். அவன் எடுக்கல. அவனுக்கும் கோவம்னு நெனச்சு விட்டுட்டேன். திங்கள் லீவு போட்டிருந்ததால ஆபீஸ்லயும் தேடல." குரல் மெலிந்தது. "உடம்புக்கு முடியாமத்தான் அந்த சனிக்கிழமை கூப்பிட்டானா மேடம்? இல்ல, ஞாயித்துக்கிழமை உசுரோட இருந்துக்கிட்டே என் போனை எடுக்காம இருந்தானா? ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

போகும்போது ஒன்று சொன்னாள். அது மட்டுமே ராஜகுமாரிக்குக் கிடைத்த நூல். அண்ணனுக்குக் கீபோர்டு வாசிக்கப் பிடிக்கும். பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பான். ஆனால் ஒருமுறை போனில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்: "இந்த ஊர்ல நான் வாசிக்கிறது ஒரே ஒரு ஆளுக்குத்தான் கேக்குது தேவி. அவருக்கும் அது பிடிக்கல."

ஹெட்போனில் வாசிப்பதை வெளியே ஒருவர் எப்படிக் கேட்க முடியும்?

*

204-ம் எண் வீடு இருட்டாக இருந்தது. சாவியோடு காத்திருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் மனோகரன் கைபேசி விளக்கைப் போட்டார்.

"மெயின் ஆஃப்ல இருக்கு மேடம். செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு போலீஸ் சொல்லி நான்தான் ஆஃப் பண்ணேன். டைம்கூட எழுதிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எதையும் யாரும் தொடல."

தேவிப்பிரியா உள்ளே வந்ததும் நேராகப் படுக்கையறைக்குப் போய் அண்ணனின் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த சட்டைகள். பிரித்து, மறுபடி மடித்தாள்.

"போன் எங்க இருந்தது?"

"இங்கதான் மேடம். கட்டில் பக்கத்துல, சார்ஜர்ல. அண்ணன் கிடந்தது ஹால்ல."

ராஜகுமாரி ஹாலுக்கு வந்தாள். ஸ்டாண்டின் மேல் கீபோர்டு. அதன் காலடியில், தரையில், ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் ஒரே ஒரு அடாப்டர் செருகியிருந்தது. ஸ்விட்ச் ஆன். அடாப்டரின் வயர் தரையில் நீளமாகக் கிடந்தது. அதன் நுனிப் பின் கீபோர்டில் இல்லை.

"ஜஸ்டின், கீபோர்டுக்குக் கரண்டே போகல. ஆனா அடாப்டர் ஆன்ல இருக்கு. ஏன்?"

"எங்க வூட்டுலயும் அப்படித்தான்க்கா. போன எடுத்துக்கினு போயிடுவோம், சார்ஜர் பாட்டுக்கு சுவத்துக்கு சார்ஜ் ஏத்திக்கினு இருக்கும்."

ராஜகுமாரி மண்டியிட்டு ஸ்டாண்டுக்கு அடியில் கையை விட்டாள். கனமாக, கறுப்பாக, வட்டமாக ஏதோ கையில் சிக்கியது. நடுவில் ஓட்டை.

ஜஸ்டின் விளக்கை அருகே கொண்டுவந்தான். "ஐய, கருகிப்போன மெதுவட! யார்க்கா சுட்டது?"

"கல்லு மாதிரி இருக்கு. காந்தம் சம்பந்தப்பட்டதோ என்னவோ." அவள் வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். அடாப்டருக்குப் பக்கத்தில் வயர் நெளிநெளியாக இருந்தது, பின்னலை அவிழ்த்த கூந்தல் போல. நெளிவுகளை எண்ணினாள். ஒன்பது.

"இந்த வயர் இந்த வளையத்துல ஒம்போது சுத்து சுத்தியிருந்திருக்கு. ரொம்ப நாளா. அத யாரோ பின்னைக் கழட்டி, ஒவ்வொரு சுத்தா உருவியிருக்காங்க."

கதவருகே நின்ற மனோகரன் எட்டிப் பார்த்தார். "அது ஜெயராமன் சார் குடுத்தது மேடம். நேர் மேல, 304. டேங்க் ஃபேக்டரில ரிட்டயர்டு. ஹாம் ரேடியோ வெச்சிருக்காரு, வீட்டுலேந்தே ஊர் ஊரா ஆளுங்களோட பேசற செட்டு. கீபோர்டு சத்தம் கேக்குதுன்னு ஜூன் மாசம் இறங்கி வந்து ஒரே சண்டை. கடைசில அவரே வந்து இத மாட்டிட்டுப் போனாரு."

"ஹெட்போன்ல வாசிச்ச கீபோர்டு அவருக்குக் கேட்டுதா?"

"அதான் மேடம் எங்களுக்கும் புரியல."

ராஜகுமாரி வளையத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கேட்பதற்கு முன்னால் காட்டுவதில்லை என்பது அவள் பழைய வழக்கம்.

*

304-ல் கதவைத் திறந்தவர் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. அறுபத்தேழு வயது, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி பூந்தமல்லியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார். மேசை முழுக்க ரேடியோ. ஜன்னல் வழியாக ஒரு கம்பி மொட்டைமாடிக்கு ஏறிப்போனது. சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் பதினொன்று இருபது. மற்றொன்றில் ஆறு ஆகப் பத்து நிமிடம்.

"ஒண்ணு செத்துப்போச்சு போல கீதே சார்" என்றான் ஜஸ்டின். "செல்லு மாத்துங்க."

ஜெயராமன் அதைக் காதில் வாங்கவில்லை. கீபோர்டு சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டது என்று ராஜகுமாரி கேட்டது அவரைச் சூடாக்கியிருந்தது.

"கீபோர்டு எனக்கு எங்கம்மா கேட்டுது? கேட்டது அதோட அடாப்டர்! அது கரண்ட்ட சின்னச் சின்னத் துண்டா நறுக்கித்தான் வோல்டேஜைக் குறைக்குது, செகண்டுக்கு அம்பது அறுபதாயிரம் வாட்டி. அந்த நறுக்கற இரைச்சல் வயர் வழியா வெளிய வந்துடும். வயர்தான் அதுக்கு ஏரியல். நல்ல அடாப்டர்ல அதை உள்ளயே அமுக்கிடுவான். மலிவு சாமான்ல அந்தப் பாகத்தையே போட மாட்டான். உங்க காதுக்குக் கேக்காது. என் ரேடியோவுக்குக் கேக்கும்."

"எப்படிக் கேக்கும்?"

"தீப்பெட்டில அடைச்ச வண்டு மாதிரி. நாகர்கோயில்லேந்து ஒருத்தர் சின்ன செட்ல பேசுவார், மெல்லிசா, கொசு முனகற மாதிரி. அதைக் கேக்க உக்காந்தா மேல இந்த வண்டு!"

"உங்க ரேடியோவுக்கும் பவர் சப்ளை வேணுமே சார்?"

அவர் மேசைக்கு அடியில் இருந்த ஒரு பெட்டியைக் காலால் தட்டினார். "பழைய மாதிரி. முழுக்க டிரான்ஸ்ஃபார்மர், பதினோரு கிலோ. நறுக்காது, முனகாது. இரைச்சல்னு வந்தா முதல்ல நம்ம வீட்டைத்தான் சந்தேகப்படணும். மெயினை அணைச்சிட்டு ரேடியோவை பேட்டரில ஓட்டணும். அப்பவும் கேட்டா அடுத்த வீடு. ஒவ்வொரு வீடா, ஒவ்வொரு ஸ்விட்சா."

"எங்க மேடம் ஆளுங்களை அப்படித்தான் சார் புடிப்பாங்க" என்றான் ஜஸ்டின். "ஆனா பேட்டரி இல்லாம."

ஜெயராமன் முதல்முறையாகச் சிரித்தார். "நல்ல பையன்மா அந்த கிருபா. வண்டு கேட்ட அஞ்சாவது நிமிஷம் நான் கீழ போய்க் கத்தினேன். திருப்பிக் கத்தல. உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சான். அந்த இரைச்சலை அமுக்கற ஃபெரைட் வளையம் ஒண்ணு எடுத்துட்டுப் போய் ஒம்போது சுத்து சுத்திக் குடுத்தேன். 'இனிமே நான் இருக்கறதே உங்களுக்குத் தெரியாது சார்'னான். அதோட சரி. சுத்தமா நின்னுபோச்சு."

"ஒம்போது சுத்து அப்படியே இருக்கா?"

"என் கையால போட்டது. எங்க போகும்?"

மேசையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ராஜகுமாரி அவற்றைப் பார்ப்பதைக் கவனித்து அவரே சொன்னார். நீல நோட்டு மனிதர்களுக்கு. தேதி, நேரம், பெயர், அவர் குரல் நமக்கு எப்படிக் கேட்டது, நாம் என்ன பதில் கொடுத்தோம். சிவப்பு நோட்டு இரைச்சலுக்கு. எப்போது வந்தது, எப்படி இருந்தது, எப்போது போனது.

"சிவப்பை ஒரு பத்து நிமிஷம் எடுத்துட்டுப் போகலாமா சார்?"

"தாராளமா. எனக்குப் பதினொன்றரைக்கு நாகர்கோயில் வருவார்." அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். உலகம் அவருக்கு அந்தப் பக்கம் திறந்து இந்தப் பக்கம் மூடியது.

*

மாடிப்படியின் திருப்பத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்கள். சின்னச் சின்ன எழுத்தில் அந்தக் கட்டிடமே அதற்குள் குடியிருந்தது. 102 டிவி, மாவு மிஷின். 303 விளக்கு, எண்ணெயில் கடுகு. ஜூன் மாதத்தில் ஒரு வரி: '204 வண்டு. பையனிடம் பேசினேன். வளையம், ஒன்பது சுற்று. வண்டு செத்தது.'

ராஜகுமாரி கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

'சனி. 14:35. வண்டு மாதிரி. 204 இல்லை, அங்கே வளையம் இருக்கிறது. வேறு வீடு. போட்டுப் போட்டு அணைக்கிறார்கள். மோர்ஸ் தந்திக் குறியும் இல்லை, ஒழுங்கும் இல்லை. 15:10 வரை. ரேடியோவில் இரைச்சல் ஒடுக்கி போட்டேன். சுத்தம்.'

'ஞாயிறு. 00:25. மறுபடி அதே வண்டு. விட்டுவிட்டு, நீண்ட இடைவெளியோடு. ஒடுக்கி. சுத்தம். 00:55-க்குப் பிறகு அணைக்கவே இல்லை. விடாமல் ஒரே சத்தம்.'

'செவ்வாய். 04:45. வண்டு நின்றது. நல்லது.'

"மேட்டர் ஓவர்க்கா" என்றான் ஜஸ்டின். "வேற வூடு இல்ல, நம்ம 204-தான். வளையத்த கழட்டிட்டாரே, வண்டு எழுந்துக்கிச்சு. சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு முப்பத்தஞ்சுக்கு ஸ்விட்ச்ச போட்டுப் போட்டு வெளாண்டுகினு இருந்தாரு. ஏழு பத்துக்கு தங்கச்சிக்கு போன். ராத்திரி பன்னண்டு அம்பத்தஞ்சு வரைக்கும் முழிச்சுக்கினு மறுபடி ஸ்விட்ச். அதுக்கு அப்பால கை ஸ்விட்சுக்குப் போகல. அப்ப சனி ராத்திரி. சதுர்த்தசி. தங்கச்சி மேல கோவத்துல தூங்காம இருந்துக்கிறாரு, பாவம்."

ராஜகுமாரி எழுந்து இரண்டு படி இறங்கினாள். கீழே தேவிப்பிரியா காத்திருந்தாள். சதுர்த்தசி என்று ஒரு சொல் போதும். ஊரில் ஒரு தாய் அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச வருடங்களைக் கடந்துவிடுவாள். மூன்றாவது படியில் அவள் நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை காலைல நாலே முக்காலுக்கு எப்படி ஜஸ்டின் வண்டு நின்னுது?"

"கரண்ட் கட் ஆயிருக்கும்."

"கரண்ட் கட்னா திரும்ப வந்ததும் திரும்பக் கத்தும். இது திரும்ப வரவே இல்ல. ஸ்விட்ச் இப்பவும் ஆன்லதான் இருக்கு. அத ஒரேயடியா நிறுத்தினது ஒரே ஒரு விஷயம்தான். மெயினை அணைச்சது. மனோகரன் எத்தனை மணின்னு சொன்னாரு?"

"பத்தேகாலு."

"நோட்டுல நாலே முக்கால். எவ்வளவு வித்தியாசம்?"

ஜஸ்டின் விரல் விட்டான். "அஞ்சரை மணி நேரம்." பிறகு அவன் முகம் மெதுவாக மேலே, 304-ஐ நோக்கித் திரும்பியது. "அக்கா... அந்தச் செத்துப்போன கடிகாரம்."

"அது சாகல. செகண்ட் முள்ளு ஓடிக்கிட்டே இருந்தது, நான் பாத்தேன். பதினொன்னு இருபது, அஞ்சு அம்பது. அதே அஞ்சரை. இவங்க உலகம் பூரா பேசறவங்க. ஆளாளுக்கு ஊர் நேரத்த எழுதினா குழம்பிடும்னு எல்லாரும் லண்டன் நேரத்தத்தான் எழுதுவாங்க போல. அவருக்கு அது மூச்சு விடற மாதிரி, சொல்லணும்னுகூடத் தோணல. எல்லா நேரத்தோடவும் அஞ்சரையக் கூட்டு."

ஜஸ்டின் கூட்டினான். கூட்டக் கூட்ட அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"சனிக்கிழமை... ராத்திரி எட்டு அஞ்சுலேந்து எட்டு நாப்பது. ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு அம்பத்தஞ்சு. கடைசியா ஆறு இருபத்தஞ்சு."

"தங்கச்சிக்கு போன் பண்ணி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வண்டு ஆரம்பிக்குது" என்றாள் ராஜகுமாரி. "போன் பண்ணினான், அவ எடுக்கல. போனைக் கொண்டுபோய் சார்ஜ்ல போட்டான். உடம்பு முடியாதவன் போனைத் தள்ளி வெச்சிட்டு வருவானா? ஹாலுக்கு வந்து கீபோர்டு வாசிச்சிருக்கான். அப்பதான் விழுந்திருக்கான். பக்கவாதம். ஒரு பக்கம் வராது, வாயும் வராது. போன் அடுத்த ரூம்ல. கதவு உள்பக்கம் தாப்பாள். கைக்கு எட்டினது அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணுதான்."

"அதுக்கு ஏன்க்கா வளையத்த உருவணும்?"

"உருவினா என்ன ஆகும்?"

"வண்டு கத்தும்."

"கத்தினா?"

ஜஸ்டின் நோட்டில் ஜூன் மாத வரியைத் தேடிப் பிடித்தான்.

"பெரியவரு அஞ்சு நிமிஷத்துல இறங்கி வந்து திட்டுவாரு."

"திட்ட வரட்டும்னுதான் கழட்டியிருக்கான். ஒரே கையால, ஒம்போது சுத்தும். இந்த ஊர்ல அவன் கூப்பிட்டா கேக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்னு அவனுக்குத் தெரியும். முப்பத்தஞ்சு நிமிஷம் கூப்பிட்டிருக்கான். யாரும் வரல. காலைல மறுபடி கூப்பிட்டிருக்கான். ஆறு இருபத்தஞ்சுக்கு மேல உசுரு இருந்திருந்தா இன்னும் கூப்பிட்டிருப்பான். மோர்ஸ் தெரியாது. தனக்குத் தெரிஞ்ச விதத்துல கூப்பிட்டிருக்கான்."

வெளியே எங்கோ தண்ணீர் லாரி பின்வாங்கும் பீப் சத்தம் கேட்டது. ஜஸ்டின் நோட்டை மூடினான்; அந்த ஒரு சொல் தெரிந்துவிடக் கூடாது என்பது போல, இரண்டு கையாலும் மூடினான். சுத்தம்.

"இத எப்படிக்கா அந்தாளாண்ட சொல்றது? சொல்லாம உட்டுடலாமா? அந்தப் பொண்ணுக்கு அமாவாசைன்னு மட்டும் சொல்லிக்கலாம்."

"எப்படித் தெரியும்னு கேப்பா. நாளைக்கு அம்மா கேப்பாங்க. பொய்யை வெச்சு வருஷா வருஷம் இலை போடச் சொல்றதா?" அவள் மேலே ஏறினாள். "முதல்ல அவருக்குத் தெரியட்டும். நம்ம வாயால இல்ல."

*

ஜெயராமன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். முகத்தில் நல்ல வெளிச்சம். "இன்னிக்கு நாகர்கோயில் என்ன தெளிவு தெரியுமா! ஒரு இரைச்சல் இல்ல."

ராஜகுமாரி சிவப்பு நோட்டை மேசையில் வைத்தாள். அதன் மேல் கறுப்பு வளையத்தை வைத்தாள்.

அவர் அதை உடனே எடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெறும் வளையம்.

"இது அங்க மாட்டியிருந்ததாச்சே. யார் உருவினா?"

"ஹால்ல கீபோர்டுக்குக் கீழ கிடந்தது சார். அவர் விழுந்த இடத்துல. ஸ்விட்ச் ஆன்ல இருந்தது. பின் வெளிய இருந்தது."

அவர் நோட்டைப் பிரித்தார். தன் கையெழுத்தை, வேறு யாரோ எழுதியதைப் படிப்பது போல விரல் வைத்துப் படித்தார். விரல் முதல் வரியைக் கடந்தது, இரண்டாவது வரியைக் கடந்தது. ஓரிடத்தில் நின்றது. அவர் உதடு மட்டும் அசைந்தது. எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஞாயித்துக்கிழமை காலைல எங்க கூட்டம் நடக்கும்" என்றார். "தமிழ்நாடு பூரா ஒரே அலைவரிசைல வருவோம். யார் யார் இருக்கீங்கன்னு ஒவ்வொருத்தர் பேரா கூப்பிடுவோம். அன்னிக்கு நான்தான் கூப்பிட்டேன். நடுவுல இது. 'பக்கத்துல யாரோ ஸ்விட்ச்சை வெச்சு விளையாடறான், ஒரு நிமிஷம்'னு சொல்லிட்டு... ஒடுக்கி பட்டனை அழுத்தினேன்." ஆள்காட்டி விரல் காற்றில் ஒருமுறை அழுத்தியது. "எல்லாரும் சிரிச்சாங்க."

கதவருகே ஏதோ விழுந்தது. சாவிக்கொத்து. வீட்டைப் பூட்டிவிட்டு, மனோகரனிடம் கொடுப்பதற்காக அதை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடி ஏறி வந்த தேவிப்பிரியா அங்கே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

ஜஸ்டின் குனிந்து சாவியை எடுத்தான். சாவியை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை மூடினான்.

ஜெயராமன் எழுந்து நின்றார். ராஜகுமாரி குறுக்கிடப் போனபோது கையைக் காட்டித் தடுத்தார். எல்லாவற்றையும் அவரே சொன்னார். எதையும் மென்மையாக்கவில்லை. வளையத்தைச் சொன்னார், பட்டனைச் சொன்னார், சிரித்ததையும் சொன்னார். கடைசியில், "உங்க அண்ணன் என்னைக் கூப்பிட்டாம்மா. ரெண்டு வேளை கூப்பிட்டான். எனக்குக் கேட்டுது. நான் போகல" என்றார்.

சுவரில் இரண்டு கடிகாரங்களும் வேறு வேறு நேரத்தில், ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தன.

"எத்தன மணி வரைக்கும்?" என்று கேட்டாள் தேவிப்பிரியா.

"ஆறு இருபத்தஞ்சு. அதுக்கப்புறம் கை நின்னுடுச்சு."

"அப்போ அமாவாசை பொறந்துட்டு." அவள் ராஜகுமாரியைப் பார்த்தாள். "எட்டு மணிக்கு நான் கூப்பிடும்போது..."

"கோவத்துல எடுக்காம இல்லம்மா. எடுக்க முடியாமதான்" என்றாள் ராஜகுமாரி. "சனிக்கிழமை ஏழு பத்துக்கு உன்னைக் கூப்பிட்டது உதவிக்கு இல்ல. நல்லா இருந்தப்போ சும்மா கூப்பிட்டது. சமாதானம் பேச இருக்கலாம்."

தேவிப்பிரியா தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு போனை எடுத்து ஊருக்குப் பேசினாள். "அம்மா. அமாவாசைம்மா. ஆமா, நிச்சயமாத் தெரிஞ்சுட்டு. விடியக்காலைல." அந்தப் பக்கத்திலிருந்து அழுகை எழும்பிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எதையும் அணைக்காமல், முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பேசி முடித்துப் போகத் திரும்பியவள் ஜெயராமன் முன்னால் நின்றாள். அவளுக்கு அவரைத் திட்டத் தோன்றியதோ, கையைப் பிடிக்கத் தோன்றியதோ, ராஜகுமாரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. "அவன் வாசிக்கது உங்களுக்கு மட்டும்தான் கேக்கும்னு எங்கிட்ட சொல்லிருக்கான்" என்றாள் கடைசியில். படியில் இறங்கிப் போனாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்பு நோட்டில் அந்த இரண்டு வரிகளின் மேலும் ஒரு கோடு இழுத்து அடித்தார். நீல நோட்டைப் பிரித்தார்.

ராஜகுமாரி பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஜஸ்டின் மட்டும் அங்கேயே நின்று எட்டிப் பார்த்தான். ஜெயராமன் தேதி எழுதினார். நேரம் எழுதினார்: காலை 6:25. அந்த நோட்டு முழுவதிலும் நம்மூர் நேரம் எழுதிய வரி அது ஒன்றுதான். பெயர்: கிருபாகரன், 204. எப்படிக் கேட்டது என்ற இடத்தில், 'தெளிவாக' என்று எழுதினார்.

கொடுத்த பதில் என்ற கட்டத்துக்குப் பேனா போனது. அங்கேயே நின்றது.

"வாடா" என்றாள் ராஜகுமாரி மெதுவாக.

பைக் அதே பள்ளங்களில் இறங்கி ஏறியது. தெருமுனையில் ஜஸ்டின் வண்டியை ஓரங்கட்டி, காலை ஊன்றி, திரும்பி அந்தக் கட்டிடத்தைப் பார்த்தான்.

"அந்தப் பதில் கட்டத்துல அவரு இன்னாக்கா எழுதுவாரு?"

"நீதானே பாத்துக்கிட்டு இருந்த."

"நான் பாக்க சொல்ல காலியாதான் இருந்துது." வண்டியைக் கிளப்பினான். "பேனாவ மூடி வெச்சுட்டாரு" என்றான்.